கம்பு விளையாத சீமை

எங்கள் ஊரில் கொஞ்சம் துணிச்சல் உள்ளவர்கள் கொழும்புக்குப் போனார்கள். இன்னும் துணிந்தவர்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறினார்கள். நானும் வெளிநாடு போய்ப் பிழைத்தவன்தான். கப்பல் ஏறவில்லை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வந்து, ஆரல்வாய்மொழி சுங்கச் சவுக்கையில் இறங்கி, பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டேன். முடிந்தது பயணம். அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் சீமை, இந்தப் பக்கம் திருவிதாங்கூர். வேறு ராஜா, வேறு காசு, வேறு தபால். ஊர்க்காரர்கள் கேட்டபோது, "பரதேசத்தில் உத்தியோகம்" என்று நான் சொன்னதில் ஒரு பொய்யும் கிடையாது.

உத்தியோகம் தக்கலைக்கு மேற்கே ஒரு பள்ளிக்கூடத்தில். தமிழ் சொல்லிக் கொடுக்க வேண்டும். நான் "வாளைப்பளம்" என்பேன். பையன்கள் நாக்கை மடித்து, "வாழைப்பழம்" என்று திருத்துவார்கள். யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தோம் என்பது இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. அவர்கள் பேசுவதே பாட்டுப் போலிருக்கும். ஒருவர் வந்து நின்று இழுத்து இழுத்துப் பேசினால் இவர் என்னிடம் துக்கம் சொல்கிறாரா, தேங்காய் விலை கேட்கிறாரா என்று புரிவதற்குள் அவர் போய்விட்டிருப்பார்.

இதையெல்லாம் நான் சமாளித்துக்கொண்டேன். கல்யாணமாகி மனைவியைக் கூட்டி வந்த பிறகும் கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பிறகு அவளுக்கு மசக்கை வந்தது. அன்று முதல் தேங்காய் எண்ணெய் அவளுக்கு ஜென்ம விரோதியாகிவிட்டது.

அந்தச் சீமையில் தேங்காய் எண்ணெயைப் பகைத்துக்கொள்வது, கடலுக்குள் குடியிருந்துகொண்டு உப்பைப் பகைத்துக்கொள்வது மாதிரி. தாளிப்பது அதில். பொரிப்பது அதில். தலையில் தேய்ப்பது அதில். விளக்கு எரிவதும் அதில்தான். தெருமுனையில் ஏத்தன் வாழைக்காயில் வத்தல் போடுகிறவர் சட்டியை அடுப்பில் ஏற்றினால், எங்கள் வீட்டில் இவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுவாள். நல்லெண்ணெய் வாங்கிவரலாம் என்று கடைக்குப் போனால், கடைக்காரர் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, "ஆருக்கு சாரே சொகமில்ல?" என்றார். அங்கே அது மருந்து. அன்றோடு எங்கள் வீட்டு அடுப்பில் தாளிப்பு நின்றது; எனக்கு மோரும் சோறும்தான்.

சரி, உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"கம்மங்கூழு. தொட்டுக்கிட ஒரு துண்டு கருவாடு."

கேட்டது தேவாமிர்தம் இல்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தானியக் குலுக்கையில் கிடக்கிற கம்பு. ஆனால் நான் இருந்தது திருவிதாங்கூர் மகாராஜாவுக்கே சோறு போடுகிற நாஞ்சில் நாட்டுக்கு அடுத்த வீடு. கிழக்கே பார்த்தால் நெல், மேற்கே பார்த்தால் தென்னை, நடுவில் வாழை. கம்பு இருக்கிறதா என்று நான் கேட்காத கடை இல்லை. ஒருவர், "கிளி வளக்கியளா?" என்றார். இன்னொருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாருக்கு சம்பளம் முடங்கிப் போச்சா?" என்றார்.

அப்போதுதான் ஊரிலிருந்து பஞ்சு வியாபாரத்துக்கு வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டுப் போனார். பார்த்ததைப் பார்த்தபடி என் மாமனாரிடம் சொல்லிவிட்டார். அடுத்த முறை வந்தபோது மாமனார் சொல்லியனுப்பிய சேதியும் அவர் வாயிலேயே வந்தது. "பிள்ளை துரும்பா இருக்காளாமே. தேறுதாளான்னு பாக்கச் சொன்னாரு. இல்லேன்னா அவரே வந்து கூட்டிட்டுப் போயிருவாராம்."

தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் தாய்வீடு போவது வழக்கம். அதற்கு நாள் கிடந்தது. இப்போதே போனால், பிள்ளை பிறந்து, அது தவழ்ந்து, கரிசல் மண்ணைத் தின்னத் தொடங்கிய பிறகுதான் தாயும் பிள்ளையும் திரும்புவார்கள். அதுவரை நான் தனியாகக் கிடக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் அப்படிக் கிடந்தவன் நான். சுவரோடு பேசிப் பேசி, சுவருக்கே என் மேல் சலிப்புத் தட்டியிருந்தது. அவளைப் போக விடுவதில்லை என்று முடிவு செய்தேன். அதற்கு அவளைச் சாப்பிட வைக்க வேண்டும். வீட்டில் ஒன்றும் இறங்காவிட்டால் வெளியே எங்காவது இறங்காதா என்று, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊர் சுற்றக் கிளம்பினோம்.

முதலில் நாகர்கோவிலில் ஒரு ஓட்டல். ரசவடை நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். ஓட்டல் வாசல்படியிலேயே அவள் நின்றுவிட்டாள். "நீங்க தின்னுட்டு வாங்க. நான் காத்து வாங்குதேன்." நான் உள்ளே போய் இரண்டு வடையைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொன்னது தப்பு.

அடுத்தது குளச்சல். பக்கத்து வீட்டுக்காரர் வண்டி வைத்திருந்தார். கடற்கரைக்குக் கயிறும் ஓலையும் கொண்டு போகிறவர். "சாரே, கொளச்சலுக்குப் போனா செத்தவனுக்கும் பசிக்கும். ஏறுங்க" என்றார். ஏறினோம். மணலில் மீனைக் கூறு கூறாகக் குவித்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை முறுக்கோடு போய், ஒரு கூறில் கிடந்த பெரிய மீனைக் காட்டி, அது ஒன்று போதும் என்றேன்.

மீன் விற்கிற அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்தாள். "மக்ளே, இவரு உனக்க ஆளா?"

"ஆமா."

"ஒரு மீன் வேணுமாம். வீட்டுல எத்தன பூனை?"

வண்டிக்காரர் மணலில் உட்கார்ந்து சிரித்தார். கூறாகத்தான் வாங்க வேண்டுமாம். நான் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்போது, என் மனைவி பிடிவாதமாகக் கருவாடு கேட்டாள். அந்த அம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. "பச்சை மீனு துள்ளியது கண்ணுல படேல. கருவாடு கேக்கியா? கருவாடெல்லாம் கொழும்புக்குப் போவும். இஞ்ச உள்ளவங்க உயிருள்ளத திங்கியவங்க."

கடைசியில் மானத்தைக் காப்பாற்ற ஒரு கூறு சாளையை வாங்கினேன். அவ்வளவு மீனை வைத்து என்ன செய்வது. வண்டிக்காரர் வீட்டிலேயே கொடுத்துவிட்டேன். தர்மம் செய்த நிம்மதியோடு வந்து உட்கார்ந்தால், சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் சட்டி அடுப்பில் ஏறியது. நான் வாங்கிக் கொடுத்த மீன், தேங்காய் எண்ணெயில் பொரிந்து, காற்றோடு காற்றாக எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. இவள் தெருவின் கடைசி வரை போய் ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். போகிறவர்கள் எல்லாரும் அவளிடம் நின்று விசாரித்தார்கள். சாரு அடிச்சாரா என்றுகூட ஒரு கிழவர் கேட்டாராம்.

பேச்சிப்பாறை அணைக்கும் போனோம். குலசேகரம் வரை பஸ், அதற்கு மேல் மாட்டுவண்டி. அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் ஊர்க் கண்மாயில் முழங்கால் தண்ணீர் நின்றாலே கோயிலில் பொங்கல் வைப்பார்கள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் பெருமூச்சு விட்டாள். மலையழகில் மயங்கிவிட்டாள் போலும் என்று நானும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தேன்.

"இம்புட்டுத் தண்ணிய வச்சுக்கிட்டு, ஒருத்தனும் ஒரு படி கம்பு வெதைக்கலையே" என்றாள்.

கம்புக்குத் தண்ணீர் வேண்டாம், அது வானம் பார்த்த பயிர் என்று ஆசிரியர் தோரணையில் விளக்கினேன்.

"அப்ப இந்தத் தண்ணி எதுக்கு?" என்று எழுந்துவிட்டாள்.

திரும்பும்போது ஒரு பலாப்பழம் வாங்கினேன். அங்கத்திய பேச்சில் வருக்கைச் சக்கை, நல்ல வாசனை, எண்ணெயில் பொரிக்க வேண்டியதில்லை. இது என் மூளையில் உதித்த யோசனை. வீட்டுக்கு வந்து அரிவாளை எடுத்து வெட்டினேன். பழம் வெட்டுப்படுமுன் பாலும் பிசினும் வந்து இரண்டு கையும் அரிவாளும் ஒன்றாகிவிட்டன. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் இன்னும் இறுகுகிறது. அந்தப் பிசினைப் போக்க உலகத்தில் ஒரே ஒரு சாமான்தான் உண்டு, அது எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. அரிவாளும் கையுமாக வேலிப்பக்கம் போய் நின்றேன். வண்டிக்காரர் மனைவி, "ஐயோ சாரே, ஆர வெட்டிப் போட்டிய?" என்று கேட்டுவிட்டு, ஒரு கிண்ணம் தேங்காய் எண்ணெயை என் கைகளில் தாராளமாகக் கவிழ்த்தாள். பிசின் போயிற்று. திரும்பி வந்தால் என் மனைவி வாசலிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அங்கயே நில்லுங்க. கிட்ட வராதீக."

அன்று பலாச்சுளையை அவள் உள்ளே இருந்து தின்றாள். நான் வெளியே இருந்து தின்றேன். அவள் தின்றது இரண்டு சுளை. மீதிப் பழம் முழுவதும் என் பங்கு. அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்கு வயிறு என்ன செய்தது என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாத விஷயம்.

ஆனாலும் அவள் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தமாதிரி இருந்தது. பேச்சிப்பாறைக் காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பஞ்சு வியாபாரி மறுபடி வந்தார். மாமனார் வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். இனி யோசிக்க நேரமில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கம்பு கிடைக்கும் என்பது இத்தனை நாள் எனக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று தெரியவில்லை. சனிக்கிழமை காலையில் பஸ் ஏறி, மறுபடி எல்லையைத் தாண்டி, வள்ளியூர்ச் சந்தைக்குப் போனேன். அங்கே கம்பு குவிந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, சந்தைத் தூசியாகவும் இருக்கலாம். அரை மூட்டை கம்பும் ஒரு கட்டுக் கருவாடும் வாங்கிக்கொண்டு, போரில் வென்ற தளபதி மாதிரி ஆரல்வாய்மொழிக்கு வந்தேன்.

சவுக்கையில் இருந்தவர் மூட்டையைத் தட்டிப் பார்த்தார். "இது என்ன?"

"கம்பு."

"கம்பு எதுக்கு?"

"சாப்பிட."

"ஓய், நெல்லு விளையிற நாட்டுக்கு ஆராவது கம்பு சுமப்பானா? உள்ள பொகையில இருக்கா?"

புகையிலைக்கு அங்கே தீர்வை உண்டு. ஒளித்துக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. நான் பள்ளிக்கூட வாத்தியார் என்றேன். போன வாரம் பிடிபட்டவனும் அதைத்தான் சொன்னான் என்றார். மனைவிக்கு மசக்கை என்றேன். அது அவருக்குக் கொஞ்சம் இரக்கத்தை உண்டாக்கியது. ஆனாலும் மூட்டையை அவிழ்த்துப் பாயில் கொட்டிக் கையால் துழாவினார். கம்புத் தூசி ஏறினால் உடம்பெல்லாம் அரிக்கும். எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. முழங்கை வரை விட்டுத் துழாவியவர் அரைநாழிகையில் சொறியத் தொடங்கி, "எடுத்துக்கொண்டு போவும் வே, இது மனுஷன் திங்கிற சாமானா" என்று விரட்டினார். அதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த வண்டி வரும் வரை நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்தோம்.

பொழுது சாயும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டுப் பின்பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். என் மனைவி அடுக்களை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் ஒரு தட்டு நிறைய அவித்த மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். தொட்டுக்கொள்ள, காந்தாரி மிளகாயும் உள்ளியும் உப்பும் சேர்த்து நசுக்கியது. அதன்மேல் வண்டிக்காரர் மனைவி ஒரு குப்பியிலிருந்து தாராளமாக ஊற்றிக்கொண்டிருந்தது தேங்காய் எண்ணெய்.

மூட்டை என் தோளிலிருந்து தானாக இறங்கியது.

"இது எப்படி?" என்றேன்.

"பச்சையா ஊத்துனா ஒண்ணுஞ் செய்யல. காய்ச்சுனாத்தான் கொமட்டுது" என்றாள் அவள், வாய் நிறையக் கிழங்கோடு.

"எத்தனை நாளா நடக்குது?"

வண்டிக்காரர் மனைவிதான் பேசினாள். "கொளச்சலுக்குப் போயிட்டு வந்த மறுநாளு தொட்டு சாரே. மீன் பொரிச்சு பிள்ளைய ஓட வச்சுட்டோமேன்னு வெசனப்பட்டு, கெழங்கு அவிச்சுக் குடுத்தேன். சாரு பள்ளிக்கொடத்துக்குப் போனா பிள்ளை இஞ்ச வரும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று மனைவியைக் கேட்டேன்.

"சொன்னா ஞாயித்துக்கெழம எங்கயும் கூட்டிட்டுப் போமாட்டீகளே."

பேச்சிப்பாறைக்கு நான் கொடுத்த பாராட்டையெல்லாம் மனத்துக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஆனாலும் காரியம் முடியவில்லை. மாமனார் நாளைக்கு வருகிறார். எங்கள் பக்கத்தில் கிழங்கு தோண்டித் தின்பது என்றால் பஞ்சம் என்று அர்த்தம். அவருடைய தகப்பனார் காலத்தில் அப்படித் தின்றவர்கள் உண்டு. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதுகூட இல்லை. மகள் தட்டில் கிழங்கைப் பார்த்தால், அவர் தட்டைக்கூடக் கழுவ விடாமல் அவளை வண்டியேற்றிவிடுவார். அவளும் அதை ஒப்புக்கொண்டாள்.

"அதுக்கென்ன, கம்பு வந்திருச்சுல்ல. அப்பா முன்னால கூழு குடிக்கேன். எனக்கும் ஆசைதான்."

வண்டிக்காரர் வீட்டு உரலில் நானே கம்பு குத்தினேன். அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. வண்டிக்காரர் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, "சாரு குத்துறது உரலுக்கு நோவாது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை அடுப்பிலேற்றிக் கிண்டினேன். கூழ் கொதித்து வாசனை வந்தபோது எனக்கு ஊரே வந்து அடுக்களையில் நின்றதுபோல் இருந்தது. மனைவி முகம் கொஞ்சம் வெளுத்ததைக் கவனித்தேன். பசி என்று நினைத்தேன். இந்த விஷயத்தில் நான் நினைத்தது ஒன்றாவது சரியாக இருந்ததா என்று கேட்காதீர்கள்.

மாமனார் மதியத்துக்கு வந்தார். மகள் முகத்தைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், கொஞ்சம் தணிந்தார். சட்டியைத் திறந்து, சுட்ட கருவாட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

"கம்பா? இங்க கம்பு கெடைக்கா மாப்ளே?"

"தேடினா கிடைக்கும் மாமா" என்றேன் அலட்சியமாக.

"பின்ன என்ன கொற. ஏத்தா, நீ குடி. நான் பாக்கணும்."

அவள் கும்பாவை வாய்க்குக் கொண்டுபோனாள். ஒரு மடக்கு. அவ்வளவுதான். கும்பாவை என் கையில் திணித்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க மாமனாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் கூழ் ஆறிக்கொண்டிருந்தது.

"கம்மங்கூழே ஒத்துக்கிடலேன்னா, வேற எதத் தின்னு உசிரு வச்சிருக்கா?" என்று எழுந்தார். "துணிமணிய எடுத்து வைக்கச் சொல்லும். சாயங்கால வண்டிக்குப் போறோம்."

நான் வாயைத் திறந்தேன். கிழங்கைச் சொன்னால் அவமானம். சொல்லாவிட்டால் அவள் போகிறாள். நான் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குள், அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். எங்களைத் தாண்டி நேரே வேலிப்பக்கம் போனாள்.

"அக்கா, கெழங்கு இருக்கா?"

"உண்டு மக்ளே. உங்க அப்பா வந்திருக்காருன்னுதான் கொண்டு வரேல."

தட்டு வேலி மேலாக வந்தது. அவள் அதை வாங்கிவந்து, தகப்பனார் முன்னால் நின்றபடியே தின்றாள். ஒளிக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. மிளகாயைத் தொட்டு, எண்ணெயில் புரட்டி, ஒரு துண்டு மிச்சமில்லாமல் தின்றுவிட்டு, விரலையும் நக்கினாள்.

"இதத்தான் தினமும் திங்கேன்பா. பஞ்சத்துக்குத் திங்கல. எனக்குப் பிடிச்சிருக்கு. நான் ஏழாம் மாசம் வாரேன்."

மாமனார் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு விரலை நீட்டி, தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த மிளகாயில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தார். காந்தாரி தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்க்கவில்லை. கண்ணில் நீர் கோத்துவிட்டது. மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க, குடித்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீரில் மிளகாய் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று நான் ஆராயவில்லை.

"ஏழாம் மாசம் பிறந்த அன்னைக்கு வருவேன். அன்னைக்குப் பேச்சு மாறக் கூடாது" என்றார்.

"மாறாதுப்பா. வர்ற ஞாயித்துக்கெழம முட்டம் கடக்கரைக்குக் கூட்டிட்டுப் போறதாச் சொல்லியிருக்காக."

நான் அப்படி எதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவரை ஏற்றிவிடப் போனேன். வீட்டில் இனிமேல் யாரும் தொடப் போவதில்லை என்பதால் மிச்சக் கம்பு மூட்டையை அவரே தோளில் போட்டுக்கொண்டார். சவுக்கையில் அதை அவிழ்ப்பார்களே என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"ஆமா மாப்ளே, அவ கெழங்கு திங்கா. நீரு என்னத்தத் திங்கீரு?"

இத்தனை மாதத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. எங்கிருந்து தொடங்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே பஸ் போய்விட்டது.